கை ஏன் சிவந்தது?

கேள்வி: ‘ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளை வாங்கியபோது அதிகாரி கையும் களவுமாகப் பிடிபட்டார்’ என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது வருகிறது. அது என்ன ரசாயனம்?
(வாசகர், விருத்தாசலம்)

பதில்: ஃபினாப்தலீன். 1871-இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் முதன்முதலில் தயாரித்த வெள்ளைத் தூள். விரலில் லேசாக ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காரத்தைக் கண்டால் அதனால் ஒளிந்திருக்க முடியாது. கரைசலின் பி.எச். 8.2-ஐத் தாண்டியதும் சிவக்கத் தொடங்கி, 10-ஐ நெருங்கும்போது பளிச்சென்ற ரோஜா நிறத்துக்கு வந்துவிடும்.

லஞ்ச ஒழிப்புத் துறையினர், புகார் கொடுத்தவர் கொண்டுவரும் நோட்டுகளின் எண்களைச் சாட்சிகள் முன்னிலையில் குறித்துக்கொள்வார்கள். பிறகு இந்தத் தூளைத் தடவிக் கொடுத்தனுப்புவார்கள். பணம் கை மாறியதும் உள்ளே நுழைந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசலை எடுத்து, வாங்கியவரின் விரல்களை அதில் முக்கச் சொல்வார்கள். சோடியம் கார்பனேட் என்பது நம் சலவை சோடாவேதான். நிறமில்லாமல் இருந்த கரைசல் சிவக்கும். பணத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் பையின் துணியையும் முக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கரைசல் சீசாவில் முத்திரையிடப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும்.

நிறம் மட்டுமே யாரையும் சிறைக்கு அனுப்பாது. தூள் கையில் பட்டது என்பது வரைதான் வேதியியல் சாட்சி சொல்லும். பணத்தைக் கேட்டார், கேட்டதை வாங்கினார் என்ற இரண்டையும் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை மீண்டும் உறுதி செய்தது.

கேள்வி: அதிகாரி ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டால்?
(அவரேதான், அடுத்த கடிதத்தில்)

பதில்: சோப்பும் காரம்தான். பி.எச். 9, 10 இருக்கும். கழுவுகிற இடத்திலேயே நுரை சிவந்து காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அமிலம், காரம், எரிகாரம். மூன்றுக்கும் வரையறை எத்தனை தடவை படித்தாலும் மனதில் நிற்கவில்லை.
(பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி)

பதில்: வரையறையை விட்டுவிட்டு ஹைட்ரஜனைப் பார். அந்த அணுவில் இருப்பதே ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். எலக்ட்ரான் கழன்றுபோனால் மிஞ்சுவது வெறும் புரோட்டான். அதைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். 1923-இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லவ்ரியும் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. அம்மோனியாவில் ஹைட்ராக்சைடு கிடையாது, பின் அது எப்படிக் காரம் என்ற குழப்பமும் தீரும். அம்மோனியா தண்ணீரிடமிருந்து ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. புரோட்டானைக் கொடுத்த தண்ணீர் மூலக்கூறு ஹைட்ராக்சைடாக மிஞ்சுகிறது.

எரிகாரம் என்பது தண்ணீரில் கரையும் காரம், அவ்வளவுதான். சோடியம் ஹைட்ராக்சைடு கரையும், எனவே எரிகாரம். காப்பர் ஆக்சைடு அமிலத்தோடு சேர்ந்து உப்பும் நீரும் தரும், எனவே காரம். ஆனால் தண்ணீரில் போட்டால் அப்படியே அடியில் கிடக்கும், எனவே எரிகாரம் இல்லை.

மதிப்பெண் பற்றியும் எழுதியிருந்தாய். ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1884-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்பும் அமிலமும் நீரில் கரையும்போது மின்னூட்டம் உள்ள துகள்களாகப் பிரிகின்றன என்ற கருத்துக்கு வித்திட்ட ஏடு அது. தேர்வாளர்கள் நம்பவில்லை, ஒப்புக்கு ஒரு தேர்ச்சி போட்டார்கள். அதே வேலைக்கு 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உனக்குப் புரிந்ததை உன் சொந்த வாக்கியத்தில் எழுது. நல்ல ஆசிரியர் அதற்கு மதிப்பெண் தருவார்.

கேள்வி: பி.எச். 6-க்கும் 5-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பத்து மடங்கு. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடுகின்றன. சுத்தமான நீர் 7, எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. இடையில் ஐந்து படிகள், அதாவது லட்சம் மடங்கு. லட்சம், கோடி என்று சுழியங்களை எழுதிக் கை வலிக்காமல் இருக்கத்தான் 1909-இல் சோரன்சென் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில். நொதிகளுக்குப் புளிப்பு எவ்வளவு என்பது வாழ்வா சாவா என்ற விஷயம் என்பதால் துல்லியமான அளவு அங்கே தேவைப்பட்டது.

0 முதல் 14 வரை என்று புத்தகத்தில் போட்டிருப்பது வழக்கமான கரைசல்களுக்கு. மிகவும் செறிவான அமிலத்தில் சுழியத்துக்குக் கீழேயும் போகும்.

கேள்வி: கடல் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். உப்புத் தண்ணீர் எப்படிப் புளிக்கும்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: புளிக்காது. கடல் இன்றும் காரத்தின் பக்கம்தான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 இருந்த மேற்பரப்பு நீர் இப்போது சுமார் 8.1. பொள்ளாச்சி வாசகருக்குச் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். இந்தச் சின்ன இறக்கத்துக்கே ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கின்றன. நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் வரும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி கடலில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. சிப்பியும் சங்கும் பவளமும் தங்கள் கூட்டைக் கட்ட நீரிலுள்ள கார்பனேட்டை நம்பியிருக்கின்றன. அமிலம் கூடக்கூட அந்தக் கார்பனேட் குறைகிறது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் ஏற்கெனவே கடல் வெப்பத்தால் வெளுத்துப்போய் அவதிப்படுகின்றன. அவற்றுக்கு இது இன்னொரு அடி.

கேள்வி: ‘அல்கலைன் வாட்டர்’ குடித்தால் உடம்பின் அமிலமெல்லாம் போய்விடும் என்று உறவினர் ஒருவர் பெரிய விலையில் இயந்திரம் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: வேண்டாம். கணக்கைச் சொல்கிறேன், உறவினரிடம் காட்டுங்கள்.

பி.எச். 9 உள்ள ஒரு லிட்டர் நீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு, ஒரு மோலில் லட்சத்தில் ஒரு பங்கு. பி.எச். 2 உள்ள இரைப்பை நீரில் லிட்டருக்கு ஒரு மோலில் நூறில் ஒரு பங்கு ஹைட்ரஜன் அயனி இருக்கும். வகுத்துப் பார்த்தால், அந்த ஒரு லிட்டரின் ஹைட்ராக்சைடு முழுவதையும் தீர்த்துக்கட்ட ஒரே ஒரு மில்லிலிட்டர் இரைப்பை நீர் போதும். இரைப்பை ஒரு நாளைக்குச் சுரப்பதோ லிட்டர் கணக்கில். நீரில் பைகார்பனேட் உப்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் அமிலம் செலவாகும், உண்மை. ஆனால் அந்த உப்பு உங்கள் தெரு ஆழ்குழாய்க் கிணற்று நீரிலேயே இருக்கிறது.

அடுத்தது ரத்தம். அதன் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்கிறது. நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றியும் சிறுநீரகம் மிச்ச அமிலத்தைப் பிரித்தும் நொடி தவறாமல் அதைக் காவல் காக்கின்றன. இந்த எல்லையை விட்டு ரத்தம் விலகிவிட்டால் அது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான பிரச்சினை. தண்ணீர் இயந்திரம் அதைச் சரிசெய்யாது. புற்றுநோய் முதல் சர்க்கரை நோய் வரை எல்லாம் தீரும் என்று சொல்லி விற்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் போவது உயிர். அந்தப் பணத்தில் முறையாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எலுமிச்சை வாயில் புளித்தாலும் வயிற்றுக்குள் போனதும் காரமாகிவிடும் என்பது உண்மையா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: வயிற்றுக்குள் இல்லை. அங்கே இருப்பது எலுமிச்சையையும் மிஞ்சும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆனால் சிட்ரேட் ரத்தத்தில் கலந்து உடம்பால் எரிக்கப்படும்போது பைகார்பனேட் உண்டாகிறது, அதனால் சிறுநீரின் அமிலத்தன்மை குறையும். சிலவகைச் சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவர்கள் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பது இதனால்தான். ரத்தம் மாறாது.

பற்களைக் கவனியுங்கள். பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் துலக்கினால், இளகிப்போன எனாமலைத் தேய்த்து எடுப்பீர்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து என்ன செய்கிறது? வருடக்கணக்காகக் குடிக்கிறேன்.
(வாசகர், ஈரோடு)

பதில்: அதில் பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் இருக்கும். இரண்டும் காரம், இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து உப்பும் நீரும் ஆகின்றன. ஏன் இரண்டு? மக்னீசியம் வயிற்றை இளக்கும், அலுமினியம் கட்டும். சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் தொல்லையை மற்றது ஈடுகட்டும். காஸ்டிக் சோடா மாதிரி தண்ணீரில் தாராளமாகக் கரைகிறவை இல்லை என்பதால் தொண்டையைப் பொசுக்காமல் உள்ளே போகின்றன.

நீங்கள் எழுதிய இரண்டாவது வாக்கியம்தான் எனக்குக் கவலை தருகிறது. வருடக்கணக்கான எரிச்சலுக்குக் காரணம் ஒரு பாக்டீரியாவாக இருக்கலாம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி, யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றி அம்மோனியாவைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் காரக் கவசத்துக்குள் இருந்தபடி அமிலக் குளத்தில் உயிர் வாழ்கிறது. இரைப்பையில் கிருமி வாழாது என்று உலகமே சொன்னபோது ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் அதை வளர்த்த கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் அவருக்கும் உடன் ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. கிருமி என்றால் மருந்து கொடுத்து ஒழித்துவிடலாம். குடல் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவது எப்படி? வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பாரும் சோப்புப் பட்டதும் ரத்தமாகிறதே!
(வாசகி, மன்னார்குடி)

பதில்: இரண்டும் ஒரே வேலை. மஞ்சளின் குர்குமின், காரத்தில் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு, சட்டையில் சோப்பு. நன்றாக அலசினால் சட்டையில் மஞ்சள் திரும்பி வரும். அப்படியே வெயிலில் உலர்த்துங்கள், குர்குமினுக்கு வெயில் ஆகாது, கறை மங்கிவிடும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் நாலைந்து செம்பருத்திப் பூக்களின் இதழ்களை வெந்நீரில் போட்டு வடிகட்டிக் கொடுங்கள். எலுமிச்சை விட்டால் அடர்ந்த இளஞ்சிவப்பு, சலவை சோடா விட்டால் பச்சை. சங்குப்பூவில் செய்தால் நீலத்திலிருந்து ஊதா ஒரு பக்கம், பச்சை மறுபக்கம். 1664-இல் ராபர்ட் பாயில் வயலெட் பூவின் பாகில் இதே வேடிக்கையைப் பார்த்துத்தான், நிறத்தை வைத்து அமிலத்தையும் காரத்தையும் பிரிக்கலாம் என்று எழுதினார்.

கேள்வி: வெற்றிலை போட்டால் வாய் சிவப்பதும் இதே கதையா?
(வாசகர், சோழவந்தான்)

பதில்: பக்கத்துக் கதை. பாக்கிலுள்ள பாலிஃபீனால்கள் சுண்ணாம்பின் காரத்தில் காற்றோடு வினைபுரிந்து சிவக்கின்றன. சுண்ணாம்பு இல்லாமல் மென்றால் அந்தச் சிவப்பு வராது. சோழவந்தான் வெற்றிலையின் மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனால் சொல்லாமல் விட முடியாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய் முழுசாகத் திறக்க முடியாமல் இறுகினாலோ, ஆறாத புண் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சமையல் மேடைக் கடப்பா கல்லில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் வட்டமாகத் தடம். துடைத்தாலும் போகவில்லை.
(வாசகி, திருப்பூர்)

பதில்: போகாது. அது கறை இல்லை, கல்லே கரைந்த பள்ளம். கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக் கல், கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கரையும். பளிங்குக்கும் இதே கதி. மெருகு போடுகிறவரைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொல்வதுதான் வழி. கிரானைட் மேடை என்றால் எலுமிச்சைக்கு அசையாது.

கேள்வி: பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. அப்படியானால் அதில் புளிக்குழம்பு வைத்தால் என்ன?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: பளபளக்கும் காரணமே, வைக்கக்கூடாது என்பதற்கும் காரணம். புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த செம்பு ஆக்சைடையும் பச்சைக் களிம்பையும் கரைத்து எடுக்கிறது. அந்தச் செம்பு குழம்பில் கரைந்தால் குமட்டலும் வாந்தியும்தான். அதனால்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். ஈயம் என்று இங்கே சொல்வது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் செம்பைக் காட்டிலும் பெரிய ஆபத்து, முக்கியமாகக் குழந்தைகளின் மூளைக்கு. ஈயச் சொம்பு ரசத்தின் மணம் விட மனமில்லை என்றால், நம்பகமான இடத்தில் சோதித்து வாங்குங்கள்.

கேள்வி: டாய்லெட் கிளீனரும் ஊற்றி, பிளீச்சிங் பவுடரும் போட்டால் இரட்டிப்புச் சுத்தம்தானே?
(வாசகர், ஆவடி)

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். கிளீனரில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரில் ஹைப்போகுளோரைட். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகே ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது. ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகத்தருகே தேங்கி நிற்கும். அம்மோனியா கலந்த கிளீனரும் பிளீச்சும் சேர்ந்தாலும் குளோரமின் என்ற நச்சு வாயுதான். உங்கள் வீட்டில் வேலை செய்ய வருபவருக்கும், அடுக்ககத்தின் தூய்மைப் பணியாளருக்கும் இதை நீங்களே உட்காரவைத்துச் சொல்லுங்கள். இரண்டு சீசாக்களையும் ஒரே நேரத்தில் கையில் கொடுக்கவும் வேண்டாம். நெடி ஏறினால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வரவேண்டும். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் மருத்துவமனை.

கேள்வி: கடையில் அசிட் கேட்டால் ஆதார் கேட்கிறார்கள். தரை கழுவத்தானே கேட்டேன்!
(வாசகர், சேலம்)

பதில்: கேட்கும் கடைக்காரருக்கு என் வணக்கம். பெண்களின் முகத்தில் அமிலம் வீசும் கொடுமைக்குப் பிறகு, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அது. வாங்குபவரின் அடையாளமும் தேவையும் பதிவேட்டில் ஏற வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குத் தரக்கூடாது. ஆதாரைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரியில் மட்டம் இறங்கினால் அசிட் ஊற்றலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: கூடாது. குறைந்தது நீர் மட்டும். கந்தக அமிலம் உள்ளேயே இருக்கிறது. காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரும் வேண்டாம்.

கேள்வி: உலகிலேயே வலிமையான அமிலம்தானே மிகவும் ஆபத்தானது?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: இல்லை, வலிமை வேறு, ஆபத்து வேறு. நீரில் தன் புரோட்டானை முழுக்கக் கைவிடுவது வலிமையான அமிலம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அந்தக் கணக்கில் வலிமையற்றது, ஓரளவே பிரியும். ஆனால் கண்ணாடியை அரிக்கும், அதனால் பிளாஸ்டிக் குப்பியில்தான் வைக்கிறார்கள். தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்து இதயத் துடிப்பையே குலைக்கும். மறுபக்கம், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் கிறிஸ்டோபர் ரீடின் குழு 2004-இல் அறிவித்த கார்போரேன் அமிலம், கந்தக அமிலத்தைப் பல லட்சம் மடங்கு மிஞ்சும் வலிமை கொண்டது. அதைக் கண்ணாடிக் குப்பியில் வைக்கலாம். அரிப்பதும் பொசுக்குவதும் புரோட்டானோடு கூட வரும் மற்ற பாதியின் குணத்தையும் பொறுத்தது. கார்போரேனின் மற்ற பாதி யாரோடும் வம்புக்குப் போகாத மூலக்கூறு.

ஆய்வகத்தில் நிற்கும்போது வலிமையோடு செறிவையும் பாருங்கள். கந்தக அமிலத்தை நீர்க்க வைக்கும்போது, நீரில் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட வேண்டும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால், கிளம்பும் வெப்பத்தில் மேலே நிற்கும் நீர் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும்.

கேள்வி: குளவி கொட்டினால் சுண்ணாம்பு தடவுகிறோம். சரிதானா?
(வாசகர், ராஜபாளையம்)

பதில்: பயனில்லை. விஷம் தோலுக்கு அடியில், அதுவும் துளியிலும் துளி. வலியைத் தருவது அதிலுள்ள புரதங்கள், அவற்றை மேலே பூசும் சுண்ணாம்பு தொடாது. எறும்புக் கடியில் ஃபார்மிக் அமிலம் இருப்பது உண்மை. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்தே அதை எடுத்தார். அங்கேயும் தோலைக் கடந்து சுண்ணாம்பு போகாது. குளிர்ந்த ஒத்தடம் போதும். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அது ஒவ்வாமை, நிமிடங்கள்தான் அவகாசம். ஓடுங்கள்.

கேள்வி: பதநீருக்கு ஏன் கலயத்தில் சுண்ணாம்பு?
(வாசகர், திருச்செந்தூர்)

பதில்: சுண்ணாம்பின் அருமையான வேலை இதுதான் என்பேன். பாளையிலிருந்து சொட்டும் நீரில் சர்க்கரை நிறைய. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் விழுந்த நிமிடமே வேலையைத் தொடங்கிவிடும். வெறும் கலயம் கட்டினால் விடிவதற்குள் கள், இன்னும் விட்டால் காடி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சொட்டுகிற நீர் காரமாகிறது. அந்தக் காரத்தில் நுண்ணுயிர்களால் பெருக முடியாது, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். எவ்வளவு தடவுவது என்பதில்தான் பனையேறியின் கைத்திறன். குறைந்தால் புளிக்கும், கூடினால் சுண்ணாம்பு நாக்கில் தெரியும். வெயில் ஏறினால் ஒரு அளவு, குளிர்ந்த காலத்தில் வேறு அளவு. பி.எச். மீட்டர் இல்லாமல் மரத்தின் உச்சியில் அவர் செய்துவரும் இந்தக் கணக்குக்கு நாம் தரும் விலை மிகவும் குறைவு. திருச்செந்தூர்ப் பக்கம் கருப்பட்டி வாங்கும்போது பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: மண் பரிசோதனையில் பி.எச். 9 வந்திருக்கிறது. அமிலம் ஏதாவது விட்டுச் சரிசெய்யலாமா?
(விவசாயி, மணப்பாறை)

பதில்: உங்கள் நிலம் களராக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே பிரச்சினை சோடியம். களிமண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். மழை பெய்தால் மேலே தேங்கும், காய்ந்தால் ஓடு ஓடாக வெடிக்கும், வேருக்குக் காற்றே கிடைக்காது. பி.எச்.-ஐ மட்டும் இறக்கினால் சோடியம் எங்கேயும் போய்விடாது.

அதற்குத்தான் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அது அமிலமும் இல்லை, காரமும் இல்லை, உப்பு. அதன் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெளியேறிய சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வழியாக அதை வெளியேற்ற வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் போட்ட பணம் வீண். எத்தனை மூட்டை என்பதை மண் பரிசோதனை நிலையத்திலேயே கேளுங்கள், மண்ணுக்கு மண் மாறும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதால், அது மட்கும்போது வரும் அமிலங்கள் துணைக்கு வரும். நெல் என்றால் களரைத் தாங்குவதற்காகத் திருச்சியில் உருவாக்கிய டி.ஆர்.ஒய். ரகங்களைக் கேட்டுப் பாருங்கள். நீலகிரியில் நிலைமை தலைகீழ். அங்கே புளித்த மண், தேயிலைக்கு அதுவே பிடிக்கும். 4.5-க்கும் கீழே போனால்தான் டோலமைட் சுண்ணாம்பு போடுவார்கள்.

கேள்வி: பேரன் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடும்போது கண்ணில் பீறிட்டுவிட்டது. தாய்ப்பால் விட்டுவிட்டு மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்வை திரும்புமா என்று தெரியவில்லை. அசிட் இல்லையே, சுண்ணாம்புதானே என்று இருந்துவிட்டோம்.
(வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் பேரன் நலம் பெற வேண்டும். சிகிச்சையை நடுவில் விட்டுவிடாதீர்கள். கருவிழி மேகமூட்டமாக ஆகிவிட்டாலும் கண் மருத்துவத்தில் அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. உங்கள் அனுமதியோடு இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கண்ணுக்கு அமிலத்தைவிடக் காரம் கொடியது. அமிலம் பட்டால் மேற்பரப்பின் புரதம் உறைந்துவிடும், அந்த உறைந்த அடுக்கே அமிலம் மேலும் இறங்குவதைக் கொஞ்சம் தடுக்கும். காரம் அப்படி எதையும் உறைய விடாது. செல்களின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டே நிமிடங்களில் கருவிழியைத் தாண்டி உள்ளே போகும். சுண்ணாம்பில் இன்னொரு கேடு: அதன் கட்டி இமைக்கடியில் ஒட்டிக்கொண்டு, கண்ணீரில் கரையக் கரையப் புதிது புதிதாகக் காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த நிமிடத்தில் வேண்டியது தண்ணீர், உடனே, ஏராளமாக. குழாய்த் தண்ணீரே போதும். இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி குறைந்தது அரை மணி நேரம் ஊற்ற வேண்டும். குழந்தை அலறும், திமிறும், மனம் இளகி விட்டுவிடக்கூடாது. கட்டி தெரிந்தால் ஈரமான சுத்தத் துணி முனையால் ஒற்றி எடுங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். காரத்தை அமிலம் முறிக்கும் என்று நினைத்து எலுமிச்சையோ மோரோ விட்டால் புண்ணின் மேல் புண். பிறகு எந்த நேரமானாலும் கண் மருத்துவமனை. அங்கே கீழிமைக்குள் பி.எச். தாளை வைத்துப் பார்ப்பார்கள், 7-க்கு அருகே வந்து நிலைக்கும் வரை கழுவுவார்கள், மேலிமையைத் திருப்பி ஒளிந்திருக்கும் துகளை எடுப்பார்கள்.

வீட்டில் சுண்ணாம்பு பாக்கெட்டாகவோ டியூபாகவோ இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.